அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை நம்ம கடலூரில்: வெளியார் உதவி யாரைக் கரை சேர்த்தது, யாரைக் கைவிட்டது?

கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பையனுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அமெரிக்க விடுதலைப் போர் 1781இல் யார்க்டவுனில் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யார்க்டவுனுக்கு 20 மாதம் கழித்து, 1783 ஜூன் 20ஆம் தேதி, நம்ம கடலூருக்கு நேர் எதிரே கடலில் 18 ஆங்கிலேயப் போர்க்கப்பல்களும் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் மாலை நேரத்தில் மோதிக்கொண்டன. கரையில் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் ஊரை வளைத்திருந்தார். ஊருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரென். புதுச்சேரியில் புஸ்ஸி வீதியிலும் சுஃப்ரென் வீதியிலும் நடக்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இரண்டு பேரும்தான்.

இந்தச் சங்கிலியை ஒரு தடவை கோத்துப் பாருங்கள். 1778 பிப்ரவரி 6, பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டு ஒப்பந்தம் போடுகிறது. அந்த வருஷம் அக்டோபரில் ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் படை புதுச்சேரியைப் பிடித்துவிடுகிறது. 1779 மார்ச்சில் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேவையும் பிடிக்கிறார்கள். மாஹே ஐதர் அலியின் பாதுகாப்பில் இருந்த துறைமுகம், அவருக்கு வெடிமருந்தும் ஆயுதமும் வந்து இறங்கிய வாசல். அந்தக் கோபம்தான் 1780 ஜூலையில் ஏறக்குறைய 80,000 பேரோடு அவரைக் கணவாய் இறங்க வைத்தது. செப்டம்பர் 10, பொள்ளிலூர். ராக்கெட் விழுந்து ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் எரிந்தன. பாஸ்டனில் பற்றிய தீ காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் வந்து வெடித்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பிரான்ஸ் இல்லாமல் அமெரிக்கா ஜெயித்திருக்காது. போரின் முதல் இரண்டு வருஷத்தில் அவர்கள் சுட்ட வெடிமருந்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. போமார்ஷே என்ற நாடக ஆசிரியர் ஒரு பெயருக்கு வணிக நிறுவனம் நடத்தி, பிரெஞ்சு அரசும் ஸ்பானிய அரசும் தலைக்குப் பத்து லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ரகசியமாகக் கொடுத்து, கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்ட விவசாயிகள்தான் சாம்ராஜ்யத்தைத் தோற்கடித்தார்கள் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். யார்க்டவுனில் தரையில் நின்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். கடலில் முழுக்க முழுக்க அவர்களே.

அதே பிரான்ஸ், அதே போரில், நம்ம கரைக்கும் வந்தது. இங்கே ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை? இதைப் பேசத்தான் இழை.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

நல்ல இழை தம்பி. 31 வருஷம் வரலாறு நடத்தியிருக்கிறேன், இந்தக் கோணத்தில் ஒரு பையனும் கேட்டதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் வரிசையை மாற்றிவிட்டீர்கள். ஒப்பந்தம் 1778 பிப்ரவரி. அதற்கு நாலு மாதம் முன்னால் என்ன நடந்தது? 1777 அக்டோபர் 17, சரடோகாவில் ஆங்கிலேயத் தளபதி பர்கோய்ன் தன் படையோடு அமெரிக்கர்களிடம் சரணடைந்தார். அதுவரை பிரான்ஸ் கொடுத்ததெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தது. அமெரிக்கத் தூதர் ஃபிராங்க்ளின் ஒரு வருஷமாகப் பாரிசில் உட்கார்ந்திருந்தார், கை குலுக்கினார்கள், விருந்து வைத்தார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. இவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பேனா எடுத்தார்கள். யாரும் சாய்கிற சுவருக்கு முட்டுக்கொடுக்க மாட்டான்.

அந்தத் தாக்குப்பிடிப்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் நீங்கள் சொன்ன அந்த ஒளிந்து சுடுவது, அதாவது மரபு மீறிய போர்முறை, வருகிறது. அதை நீங்கள் ஒரே வரியில் ஒதுக்கியது சரியில்லை. தெற்கு கரோலினாவில் மேரியன் என்ற அமெரிக்கப் போராளி சதுப்புக்குள் இருந்து ராத்திரியில் வருவார், உணவு வண்டியை அடிப்பார், விடிவதற்குள் தண்ணீருக்குள் மறைந்துவிடுவார். கிரீன் என்ற அமெரிக்கத் தளபதி பெரிய சண்டை ஒன்றையும் ஜெயிக்கவில்லை. 1781 மார்ச் 15, கில்ஃபோர்டில் களத்தை விட்டுப் போனவர் அவர்தான். ஆனால் ஜெயித்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிசுக்கு நாலில் ஒரு பங்கு ஆள் நஷ்டம். அந்த ஓட்டைப் படையை இழுத்துக்கொண்டுதான் அவர் வடக்கே வர்ஜீனியாவுக்குப் போனார், யார்க்டவுன் மூலையில் ஒதுங்கினார். பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸின் கப்பல்கள் வந்தபோது பொறிக்குள் எலி தயாராக இருந்தது. எலியை அங்கே விரட்டியது கப்பல் இல்லை.

இளவழுதி

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

ஐதர் அலியையும் வாஷிங்டனையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க முடியவில்லை. ஐதர் ஓர் அரசர். ஆற்காட்டு நவாப்பின் சீமையைத் தன் சீமையாக்க வந்தவர். அவர் குதிரைப் படை எரித்த ஊர்களெல்லாம் தமிழ் ஊர்கள். அதை விடுதலைப் போர் என்று சொன்னால் எல்லாப் போரும் விடுதலைப் போர்தான். நம் மண்ணில் விடுதலைப் போர் என்றால் 1801. மருது பாண்டியர்களின் ஜம்புத்தீவு அறிக்கை 1801 ஜூன் 16. சாதி, சீமை பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்ட அறிக்கை. காளையார்கோயில் காடு, வளரி, ஊமைத்துரை. எந்த வெளிநாட்டுக்காரனும் அவர்களுக்குக் கப்பல் அனுப்பவில்லை. இருந்தும் நின்றார்கள். அதுதான் பெருமை என்று நினைக்கிறேன். அயலார் காசில் வந்த சுதந்திரத்தைவிட அது உயர்ந்தது.

கெடிலக்கரை

இளவழுதி தம்பி, ஐதர் அரசர் என்பது உண்மை, மறுக்கவில்லை. நான் ஒப்பிடுவது நோக்கத்தை இல்லை, போரின் கட்டமைப்பை. தரையில் ஒரு உள்நாட்டுப் படை, கடலில் வெளியாரின் கப்பற்படை, நடுவில் மாட்டிய ஆங்கிலேயர். இந்த அமைப்பு ஒரே வருஷத்தில் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று உலகத்துக்கே தெரியும். மற்றொன்று நம்ம வீட்டு வாசலில் நடந்தது, நமக்கே தெரியாது.

1781 ஜனவரிக் கடைசி. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தன் படையோடு கடலூர்ப் பக்கம் வந்து நிற்கிறார். சுற்றிலும் ஐதர். நாட்டுக்குள் போய் நெல் வாங்க வழியில்லை, ஐதரின் குதிரைகள் ஒரு மாட்டு வண்டியைக் கூட விடவில்லை. அரிசி சென்னையிலிருந்து கடல்வழியாக வந்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் கடலில் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் வந்து நின்றன. எதிர்க்க ஆங்கிலேயக் கப்பற்படை இந்தக் கரையில் இல்லை. அதன் தளபதி ஹியூஸ் மேற்குக் கரையில் இருந்தார். ஐதர் ஆள் மேல் ஆள் அனுப்பினார், இன்னும் கொஞ்ச நாள் இரு, பட்டினியிலேயே இவர்கள் சரணடைவார்கள் என்று கெஞ்சினார். தோர்வ் கேட்கவில்லை. பிப்ரவரி 15ஆம் தேதி பாய் விரித்து மொரீஷியஸ் பக்கம் போய்விட்டார். கடல் திறந்தது. அயர் கூட்டின் படைக்கு அரிசி வந்தது. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் அதே கூட் ஐதரைத் தோற்கடித்தார்.

தோர்வ் போய் ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 5, செசப்பீக் விரிகுடா வாயில் தெ கிராஸ் 24 கப்பலோடு நின்றார், ஆங்கிலேயரின் 19 கப்பல்களைத் திருப்பி அனுப்பினார். போகவில்லை, நின்றார். அக்டோபர் 19 கார்ன்வாலிஸ் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது.

இரண்டு தளபதிகளும் ஒரே ராஜாவின் ஊழியர்கள். ஒருவர் நின்றார், ஒரு நாடு பிறந்தது. ஒருவர் போனார். கடலூரைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லாமல் போனது. இதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

தேவனாம்பட்டினத்தான்

அண்ணே, வரலாறு எனக்கு அவ்வளவு தெரியாது. கடல் தெரியும். அந்தத் தளபதி போன தேதியைப் பார்த்ததும் வயிறு எரியுது.

நம்ம கரையில துறைமுகம்னு ஒண்ணு அந்தக் காலத்துல ஏது? கப்பல் வெளியில நங்கூரம் போட்டுக் கிடக்கணும். ஆளு, சாமான், தண்ணி எல்லாம் சலங்குப் படகுலதான் அலையைத் தாண்டி ஏறணும் இறங்கணும். ஐப்பசி கார்த்திகையில வாடை பிடிச்சா எந்தக் கப்பலும் நிக்க முடியாது, நங்கூரம் அறுந்து கரையில அடிச்சிரும். அதனால ஐப்பசியில போனான்னா குத்தம் சொல்ல மாட்டேன். அவன் போனது தை முடிஞ்சு மாசி பிறக்கிற நேரம். வாடை அடங்கி, மாசி பங்குனியில கடல் குளம் மாதிரி கிடக்கும். எங்க தாத்தா காலத்துல அந்த மாசத்துல கட்டுமரத்துல சின்னப் பசங்களையே கூட்டிட்டுப் போவாங்க. காத்தும் அவனுக்கு எதிரி இல்ல, நீரோட்டமும் எதிரி இல்ல. மனசுதான் இல்ல.

நீங்க சொன்ன 1783 சண்டை ஆனி மாசம். அப்ப கச்சான் காத்து, மேக்கேயிருந்து தரைப்பக்கமா அடிக்கும். கரைப்பக்கம் நிக்கிறவனுக்குத்தான் காத்து சாதகம். யாரு கரைப்பக்கம் நின்னது?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

தேவனாம்பட்டினம் தம்பி, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சுஃப்ரென். மூன்று நாள் காற்றுக்காக இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் காற்றுப் பக்கம் அவர் கையில் வந்தது. நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதைப் புத்தகம் எழுதியவர்கள் பத்துப் பக்கம் விளக்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சுஃப்ரெனிடம் மாலுமிகள் போதவில்லை. புஸ்ஸியின் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார், அதில் பாதி நம்ம ஆட்கள், சிப்பாய்கள். பீரங்கி இழுத்தவர்களில் தமிழன் இருந்திருக்கிறான். சண்டையில் ஒரு கப்பலும் முழுகவில்லை. ஆனால் ஹியூஸ் பக்கம் ஸ்கர்வி நோய், குடிக்கத் தண்ணீர் இல்லை, அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். முற்றுகை போட்ட ஸ்டூவர்ட்டுக்கு முதுகுப்பக்கம் கடல் காலி. அயர் கூட்டுக்கு 1781இல் நேர்ந்திருக்க வேண்டியது ஸ்டூவர்ட்டுக்கு நேரப் போகிற நேரம்.

சுஃப்ரென் தோர்வ் மாதிரி ஆள் இல்லை. துறைமுகம் இல்லாத கரையில், உடைந்த பாய்மரத்தை வேறு கப்பலில் கழற்றி மாட்டி, மொரீஷியஸ் போகாமல் இந்தக் கடலிலேயே கிடந்தார். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி ஹியூஸோடு ஐந்து சண்டை. திருகோணமலையைப் பிடித்துத் தனக்கென்று ஒரு துறைமுகம் உண்டாக்கிக்கொண்டார். எதிரியின் வரிசையில் பின்பாதியை மட்டும் இரண்டு பக்கமும் வளைத்து அடிப்பது அவர் வழக்கம். வரிசைக்கு எதிர் வரிசை நின்று சுடுவதுதான் அன்றைய கடற்போர் சாஸ்திரம், அவர் அதை மதிக்கவில்லை. மரபு மீறல் காட்டுக்குள் மட்டும் இல்லை. ஐதர் அவரைப் பார்ப்பதற்கென்றே 1782 ஜூலையில் கடலூர்ப் பக்கம் வந்து பாளையம் இறங்கினார். பார்த்தார். அந்த டிசம்பர் 7ஆம் தேதி ஐதர் இறந்துபோனார். புஸ்ஸி வந்து இறங்கியது 1783 மார்ச்சில். உதவி வந்தபோது கேட்டவர் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர்க்காரி

எல்லாரும் கப்பலையும் தளபதியையும் பேசுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. அந்த மூன்று வருஷம் இந்த ஊரில் அடுப்பு எரிந்ததா?

ஐதரின் படை ஏரிக்கரையை வெட்டியது, வைக்கோல் போரை எரித்தது, அயர் கூட்டின் படைக்கு ஒரு படி நெல் கிடைக்கக் கூடாது என்று. உங்கள் பாஷையில் அது மரபு மீறிய போர்முறை. மேரியன் வண்டியை அடித்தது மாதிரிதான். ஆனால் அந்த நெல் யாருடையது? 1781லிருந்து 1783 வரை கர்நாடகச் சீமை, அதாவது ஆற்காட்டு நவாப்பின் சீமை, முழுக்கப் பஞ்சம். ஜனங்கள் சென்னைக்கு நடந்தார்கள். அங்கே 1782இல் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, அந்தப் பெயரின் வேர் அது. அங்கே கஞ்சிக்குக் கையேந்தி நின்றவர்களில் தென்னாற்காட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

அடுத்தது, தேதி. லண்டனும் பாரிசும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. அந்தச் செய்தி கடலூருக்கு ஜூன் மாதக் கடைசியில் வருகிறது. நடுவில் ஜூன் 13ஆம் தேதி பெரிய சண்டை, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 20 கடல் சண்டை. 25 ராத்திரி மறுபடி கோட்டையிலிருந்து வெளியே வந்து மோதினார்கள். அத்தனையும் முடிந்துபோன போருக்காக. அந்தச் சிப்பாய்களின் பெண்சாதிகளுக்கு யார் போய் என்ன சொல்லியிருப்பார்கள்?

இளவழுதி தம்பி, மருது சகோதரர்கள் மேல் எனக்கும் அதே மரியாதை. ஆனால் வெளி உதவி இல்லாததுதான் பெருமை என்று சொல்லாதே. அவர்கள் யாருக்குத் துணையாக நின்று வளர்ந்தார்களோ, அந்த வேலு நாச்சியாருக்கு உதவி தேவைப்பட்டது, கேட்டார், வாங்கினார். 1772இல் காளையார்கோயிலில் கணவரை இழந்து, எட்டு வருஷம் விருப்பாச்சியில் ஐதரின் ஆதரவில் காத்திருந்து, 1780இல் திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார். கேட்டதில் எந்த இழிவும் இல்லை. அந்த வருஷத்தைக் கவனி. ஐதர் கணவாய் இறங்கிய அதே 1780. ஆங்கிலேயரின் கை முழுக்க வேறு வேலை இருந்த நேரம்.

இளவழுதி

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. நேற்று முழுக்க இதிலேயே இருந்தேன். வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு 1801க்கு முன்னால் கரையில் யார் யார் இருந்தார்கள் என்று குறித்துப் பார்த்தேன்.

நாகப்பட்டினம்: டச்சுக்காரர்களிடமிருந்து 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பிடித்தது. 1784 ஒப்பந்தத்தில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி 1785இல் பிரான்சுக்குத் திரும்பியது, ஆனால் 1793இல் மறுபடி போய்விட்டது, 1816 வரை ஆங்கிலேயர் கையில்தான். திருகோணமலை 1795. திப்பு 1799 மே 4. தரங்கம்பாடியைக் கூட 1801இல் பிடித்திருக்கிறார்கள். மருது பாண்டியர்கள் அறிக்கை ஒட்டிய நாளில் இந்தக் கரை முழுவதும் ஒரே கொடி. வெடிமருந்து இறக்க ஒரு மணல் திட்டு கிடையாது. மேற்கே ஓடி ஒதுங்க ஒரு ஐதர் கிடையாது, விருப்பாச்சி கிடையாது.

காட்டுக்குள் அவர்கள் செய்தது சாதாரணமில்லை. ஆங்கிலேயத் தளபதி ஆக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குப் பாதை வெட்ட ஆரம்பித்து, ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் விட்டுவிட்டுத் திரும்பினார். பீரங்கி வைத்திருந்த படையை முள்ளுக்காடும் வளரியும் ஒரு மாதம் நிறுத்தியிருக்கின்றன. ஆனால் அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருப்பது? யாரும் வரப்போவதில்லை. ஆங்கிலேயருக்கு வேறு பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அக்டோபர் 1 கோட்டை விழுந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு.

இதில் என்னை உலுக்கியது நாகப்பட்டினம்தான். அது ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அமெரிக்கப் போரினால்தான். டச்சுக்காரர்களும் அந்தப் போருக்குள் இழுக்கப்பட்டதால். அங்கே ஒரு நாட்டுக்கு வாசல் திறந்த போர், இங்கே நமக்கு இருந்த வாசலை மூடியிருக்கிறது. யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து, 1792இல் திப்புவின் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கியதும் இந்தக் கணக்கில் சேரும்.

நான் முதலில் எழுதியதில் "உயர்ந்தது" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

சொல்தா வீட்டுப் பேரன்

புதுச்சேரியிலிருந்து. ஒரு வாரமாக வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சைகோனில் இருந்தவர். எங்கள் தெருவில் அப்படிப் பத்து வீடு. அவர் சுட்டது யாரை? தன் நாட்டை மீட்கப் போராடிய வியட்நாமியனை. இதை அவர் கடைசிக் காலத்தில் வாய்விட்டுச் சொன்னார், அழுதார். அதனால் இந்த விவாதம் எனக்குப் பாடப்புத்தகம் இல்லை.

வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற தியென் பியென் பூ சண்டை 1954 மார்ச் 13இல் தொடங்கி மே 7இல் முடிந்தது. சீனா பெரிய பீரங்கிகள் கொடுத்தது, லாரி கொடுத்தது, ஆலோசகர்களை அனுப்பியது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறி எல்லை திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பீரங்கி வந்திருக்காது. ஆனால் அந்தப் பீரங்கியை மலை மேல் கயிறு கட்டி இழுத்தது வியட்நாமிய விவசாயி. சைக்கிள் சட்டத்தில் மூங்கிலைக் கட்டி, ஆள் ஏறாமல் தள்ளிக்கொண்டே 200 கிலோ அரிசி கொண்டுபோனார்கள். ஜனவரியில் எல்லாம் தயார், ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று திட்டம். கடைசி நேரத்தில் வியட்நாமியத் தளபதி கியாப் நிறுத்திவிட்டார். மேலே ஏற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். மெதுவாகப் பதுங்குகுழி வெட்டி நெருங்குவோம் என்று மாற்றினார். பொருள் வெளியிலிருந்து வந்தது, முடிவு அவருடையது. வாத்தியார் ஐயா கிரீனைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது புதுச்சேரி. மே மாதம் அங்கே தோல்வி. ஜூனில் மெந்தேஸ்-பிரான்ஸ் என்பவர் பிரெஞ்சுப் பிரதமர் ஆகிறார், ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனாவுக்குக் கையெழுத்து, அக்டோபர் 21 டெல்லியில் நமக்குக் கையெழுத்து. நடுவில் அக்டோபர் 18 கீழூரில் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறியது. அதே 1954 நவம்பர் 1ஆம் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போரின் முதல் குண்டு வெடித்தது. ஒரே நாள். பிரான்ஸ் இங்கே கை குலுக்கிவிட்டு அங்கே எட்டு வருஷம் கொன்றது. நம்முடைய சட்டபூர்வ இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்ததற்கும் அல்ஜீரியாவுக்கும் சம்பந்தம் உண்டு. அந்தப் போர் ஓடும்வரை பாரிசில் யாருக்கும் ஒரு பிடி மண்ணை விட்டுக்கொடுக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடும் துணிவு இல்லை. அல்ஜீரியா ஜூலையில் விடுதலை, நாம் ஆகஸ்டில்.

அல்ஜீரியர்களுக்கு துனிசியாவும் மொராக்கோவும் இடம் கொடுத்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1957இல் துனிசிய எல்லையில் மின்சாரக் கம்பி வேலி போட்டு அந்த உதவியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த போராளிகள் ஆயுதம் இல்லாமல் நொறுங்கினார்கள். ஆனாலும் ஜெயித்தார்கள், களத்தில் இல்லை, ஐ.நா. சபையில். வெளி உதவி என்றால் பீரங்கி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒதுங்க ஒரு திண்ணை, பேச ஒரு வாய், அதுவும் உதவிதான். பாரதியாருக்கும் வ.வே.சு. ஐயருக்கும் அரவிந்தருக்கும் எங்கள் ஊர் அந்தத் திண்ணையாகத்தானே இருந்தது. பிரெஞ்சுக் கொடியின் நிழலில் உட்கார்ந்து ஆங்கிலேயனை எதிர்த்தார்கள்.

கெடிலக்கரை

சொல்தா வீட்டுப் பேரன் அவர்களே, இதை எழுதியதற்கு நன்றி. தாத்தாவைப் பற்றி இப்படி வெளிப்படையாக எழுதுவது எளிதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாகச் சொல்ல ஆசை. புதுச்சேரிப் போராட்டத்துக்கு வெளியார் உதவி என்றால் அது நாம்தான். பிரெஞ்சுக்காரன் கண்ணில் இந்திய யூனியன் அயல்நாடு. நெட்டப்பாக்கத்தை வரைபடத்தில் பாருங்கள், சுற்றிலும் அன்றைய தென்னாற்காடு. 1954இல் அங்கே கொடியேற்றித் தற்காலிக அரசு என்று அறிவிக்க முடிந்ததற்கு அந்த நிலப்பரப்பு ஒரு காரணம். பிரெஞ்சுப் போலீஸ் அங்கே வரவேண்டும் என்றால் இந்திய மண்ணைத் தாண்டி வரவேண்டும். மருது பாண்டியர்களுக்குக் கிடைக்காத எல்லை, நெட்டப்பாக்கத்துக்காரர்களுக்கு நாலு பக்கமும் இருந்தது.

என் முதல் பதிவையும் திருத்திக்கொள்கிறேன். பிரான்ஸ் இல்லாமல் அமெரிக்கா ஜெயித்திருக்காது என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் அமெரிக்கர்கள் ஜெயித்ததற்கு இன்னொரு காரணம், உதவியவரை எப்போது விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 1782 நவம்பர் 30ஆம் தேதி, பிரான்சிடம் முன்கூட்டிச் சொல்லாமலேயே பிரிட்டனோடு தனியாகப் பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திப்புவுக்கு நேர்ந்தது அதற்கு நேர் மாறு. மங்களூர்க் கோட்டையை அவர் முற்றுகை போட்டிருந்தார், கூட பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று. கடலூருக்குச் சமாதானச் செய்தி வந்ததும் புஸ்ஸி அந்தப் பிரிவை விலகிக்கொள்ளச் சொன்னார். பாதிச் சண்டையில் துணைக்கு வந்தவன் கூடாரத்தைச் சுருட்டினான். திப்பு தனியாக நின்று 1784 மார்ச்சில் மங்களூர் ஒப்பந்தம் போட்டார்.

பிரான்சுக்கு என்ன கிடைத்தது? நூறு கோடி லிவ்ருக்கு மேல் செலவு. கஜானா காலி. ஆறு வருஷத்தில் ராஜாவுக்கே உலை வந்தது.

தேவனாம்பட்டினத்தான்

வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். அமெரிக்காக்காரங்களுக்கு அப்ப நம்ம பக்கத்துல நடந்தது எதாவது தெரியுமா? இல்ல அவங்க பாட்டுக்கு ஜெயிச்சுட்டுப் போய்ட்டாங்களா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

தெரியும் தம்பி. பென்சில்வேனியா மாகாணம் 1782இல் ஒரு போர்க்கப்பலை வாங்கி அதற்கு ஐதர் அலி என்றே பெயர் வைத்தது. ஏப்ரல் 8ஆம் தேதி, ஜோசுவா பார்னி என்ற 22 வயது இளைஞன் அந்தக் கப்பலில் இருந்துகொண்டு டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடப் பெரிய ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தான். சண்டை முப்பது நிமிஷம் கூட இல்லை. தன் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தானாம், நான் வாய்விட்டு என்ன உத்தரவு சத்தமாகப் போடுகிறேனோ, அதற்கு நேர் எதிராகத் திருப்பு என்று. எதிரி அவன் கத்தியதை நம்பித் திரும்பினான், மாட்டிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12, இந்தப் பக்கம் திருகோணமலைக்கு அருகே சுஃப்ரெனும் ஹியூஸும் மோதினார்கள். அப்போது ஐதர் உயிரோடு இருந்தார். தன் பெயரில் அங்கே ஒரு கப்பல் ஓடியது அவர் காதுக்கு வந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

ஒரு வேலை இருக்கிறது. ஸ்டூவர்ட் தெற்கே சுற்றி வந்துதான் பாளையம் இறங்கினார், புஸ்ஸியின் அரண் வரிசையும் ஊருக்குத் தெற்கேதான். கேப்பர் மலை, வண்டிப்பாளையம் பக்கம் நடந்து பார்த்து இடத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முழங்கால் ஒத்துழைக்கும்போதே செய்துவிட வேண்டும். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு, வெயில் ஏறும் முன்னால். யார் வருகிறீர்கள்?

இளவழுதி

நான் வருகிறேன் ஐயா. வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்க்காரி

நானும் என் மகளும். தண்ணீரும் இட்லியும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்தா வீட்டுப் பேரன்

முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். தாத்தாவின் படைப் புத்தகம் தகரப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன். 1962இல் குடியுரிமை தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டார், அவர் தம்பி இந்தியனாகவே இருந்துவிட்டார். ஒரே கூடத்தில் இரண்டு தேசம். அவர் ஜூலை 14க்குப் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார், சின்னத் தாத்தா ஆகஸ்ட் 16க்குக் கீழூர் போவார். வாத்தியார் ஐயா அந்தப் புத்தகத்தில் உள்ள பிரெஞ்சு எழுத்தை வாசித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அதை வாசிக்க ஆள் இல்லை.